கோல்கீப்பர் கணக்கு

பெர்க்மான்ஸ் மொத்தம் எத்தனை கோல் போட்டான் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
எனக்குப் போட்டது பதினேழு.
மற்றவர்கள் வாங்கியது அவரவர் பாடு.

முதல் கோல் மூக்கையூர் விடிவெள்ளிக்காக.
தடைக்காலத்தின் மூன்றாம் நாள்,
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
கடலுக்குப் போகாத ஊர் முழுக்கக் கோட்டோரம் நின்றது.
பதினாறு வயது, வெறுங்கால்.
சோழகக் காற்று என் முகத்தில் மணலைக் கொட்டும் நேரம் பார்த்து
அடித்தான்.
கண்ணைத் துடைத்துத் திறந்தேன், பந்து வலையில்.
வலை என்றால் பழைய நண்டு வலை.
கிழிசல் வழியே வெளியேறி
உடைமுள்ளில் குத்திக்கொண்டு
பந்து சாகிற சத்தம் கேட்டது.
அந்த ஊரில் வேறு பந்து இல்லை.
ஆட்டம் அத்தோடு சரி, ஒன்றுக்குப் பூஜ்யம்.

அடுத்த வருடம் கீழக்கரைக்காரர்கள் எடுத்தார்கள்.
ஒரு ஜோடி பூட்ஸ், துபாய்ச் சரக்கு, அரை அளவு பெரிசு.
அவன் அப்பாவின் வள்ளத்துக்கு ஒரு பழைய எஞ்சின்.
எழுத்தெல்லாம் கிடையாது,
சீனி நைனா கடையில் தேநீர் ஆறுவதற்குள் பேசி முடிந்தது.
பச்சைச் சட்டையில் எனக்கு ஐந்து.
ஒன்று தலையால்.
ஒன்று நான் தொட்டும் போனது. தொட்டதைக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்.
நோன்பு மாதத்து ராத்திரி ஆட்டங்களில்
அவனும் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வந்தான்.
பத்துப் பேர் பசித்திருக்கையில்
தின்ற வயிறு தனியாகப் பிந்துமாம்.

பிறகு தூத்துக்குடி.
பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கை,
சாயந்திரம் துறைமுக அணி.
மண்டபத்தில் நடந்த கோப்பைக்கு
நீலச் சட்டையோடு வந்து
நான்கு போட்டுவிட்டு லாரியில் ஏறிப் போனான்.

பிறகு சென்னை, இரண்டாம் டிவிஷன்.
அடுத்த மார்ச்சில் வேலை நிரந்தரம் என்றார்கள்.
பதினோரு ஆட்டம் பெஞ்சில்.
பன்னிரண்டாவதில் இறங்கி ஒன்று போட்டான்,
பேப்பரில் பெயர் வந்தது, கடைசி எழுத்தை விட்டுவிட்டு.
பாம்பன் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும்போது
ஈரக் கையால் அதைக் கிழித்து எடுத்தேன்.
மை விரலில் ஒட்டியது, பெயர் இன்னும் குறைந்தது.
பதின்மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால்.
ராமேஸ்வரம் ரயிலில்
பழுப்பு உறையில் ஸ்கேன் படத்தோடு திரும்பினான்.
நிரந்தரமானது அந்தப் படம்தான்.

மூன்று சீசன் ஆளைக் காணோம்.
அந்த மூன்று வருடமும் எனக்கு
யாரும் ஒழுங்காகக் கோல் போடவில்லை.
கோல் விழுந்தது. அது வேறு.

தொண்டி அணிக்கு வந்தபோது நொண்டினான்.
பாவம் என்று நினைத்தேன், இரண்டு நிமிஷம்.
இத்தனை நாள் அந்த இடதுகாலை
எங்கே ஒளித்து வைத்திருந்தான்?
இரண்டு தடைக்காலத்தில் ஆறு.
கடைசியாக ஒரு பெனால்டி.
பன்னிரண்டு வருடமாக எதிரும் புதிருமாய் நின்றும்
நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.
பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.
“ஐஸ் விலை ஏறிருச்சாமே?”
கட்டிக்கு இருபது என்று மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள்
பந்து என் இடப்பக்கம் போய்விட்டது.
பதினேழு.

இந்த வருடம் பாம்பனுக்கு எடுத்தோம்.
முப்பத்துநான்கு வயதுக்கு என்ன விலை?
அவன் தம்பி படகுக்கு ஒரு மாத ஐஸ்.
முதலாளியிடம் நான்தான் பேசினேன்.

நேற்று முதல் ஆட்டம்.
அவன் முதுகை நான் பார்த்ததே இல்லை.
ஒன்பதில் பாதி உரிந்திருக்கிறது,
இடது தோள் கொஞ்சம் இறக்கம்,
பந்து வருமுன் இரண்டு விரலால்
சட்டை நுனியைத் திருகுகிறான்.
முன்னாலேயே தெரிந்திருந்தால்
நாலைந்தாவது தடுத்திருப்பேன்.

எழுபதாம் நிமிஷம் வரை ஒன்றுமில்லை. கூட்டம் ஏசியது.
பிறகு சட்டை நுனியைத் திருகினான்.
எதிர்க் கோலில் ஒரு பையன், பத்தொன்பது இருக்கும்,
புதுக் கையுறை.
கடலோரம் மணல் கிளம்புவது எனக்குத் தெரிந்தது.
தம்பி, கண்ணை மூடாதே என்று
கத்த வாயெடுத்தேன்.
கத்தவில்லை.
இந்த முறை அவன் நம்ம டீம்.